ஒன்பது தரம் விழுந்த டிம்ஸ்

என் கணவர் இராஜேந்திரன் இதுவரை நூற்றுப் பதினெட்டுப் பேருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியிருக்கிறார். அந்த நூற்றுப் பதினெட்டுப் பேரில் ஒருவர்கூடக் கெட்டவர் கிடையாது.

எங்கள் ஆட்களில் ஒருவர் மோசம் போனால் முப்பத்தோராம் நாள் ஒரு நினைவுமலர் அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். முன்பக்கத்தில் படம், உள்ளே தேவாரம், அதன் பிறகு இறந்தவருடைய வரலாறு. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போவார்கள். லண்டனில் அந்த வரலாற்றை எழுத ஆள் தேடினால் எங்கள் வீட்டுத் தொலைபேசிதான் அடிக்கும். டூட்டிங்கில் செத்தாலும் இவர்தான், மனோர் பார்க்கில் செத்தாலும் இவர்தான். குடித்துக் குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொண்ட மனிதர் இவருடைய பேனாவில் ‘நண்பர்களோடு அளவளாவுவதில் பெருவிருப்புக் கொண்டவர்’ ஆகிவிடுவார். கண்ட கண்ட சங்கத்தில் எல்லாம் சண்டை பிடித்தவர் ‘நியாயத்துக்காகக் குரல் கொடுக்கத் தயங்காதவர்’. ஐந்து வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்து, பிள்ளைகளும் எட்டிப் பாராமல் போய்ச் சேர்ந்த மனுசி, ‘சிறிதுகாலம் சுகவீனமுற்றிருந்து’ இறைவனடி சேர்வாள். நான் இதற்கெல்லாம் வாய் திறப்பதில்லை. செத்தவர் எழும்பி வந்து பிழை திருத்தப் போகிறாரா என்ன?

ஆனால் இந்தப் பழக்கம் ஒருநாள் என்னுடைய குளியலறைக்குக் குறுக்கே வந்து நிற்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

என் பெயர் அருள்மலர். வயது அறுபத்து மூன்று. ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, பிள்ளை இங்கிலீஷில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தோம். மிச்சம் என்கிற பகுதியில் ஒரு வரிசை வீடு, அந்த வரிசையில் கடைசி. ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பதினேழு வருடம் உருளைக்கிழங்குச் சட்டிகளைத் தூக்கி இறக்கினேன். இப்போது வலது முழங்காலில் ஒப்பரேஷன் செய்தும் அது மடியாது. இடது முழங்காலுக்கு டொக்டர் தவணை சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

எங்கள் வீட்டில் கழிவறையும் குளியலறையும் மேல்மாடியில் மட்டும்தான். பதின்மூன்று படி. நான் இரண்டு வருடமாகக் கீழே முன்னறையில், செற்றி என்கிற நீளக் கதிரையில் படுக்கிறேன். ஆனால் மேலே போகாமல் எப்படி இருப்பது? முதற்படியில் புறம்காட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, குண்டியை அடுத்த படிக்குத் தூக்கி, காலை இழுத்து, அப்படியே ஒவ்வொரு படியாக ஏறுகிறேன். இறங்குவதும் அப்படித்தான். மத்தியானத்துக்குப் பிறகு தேத்தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டேன். நான் படியில் உட்கார்ந்த உடனே என் கணவர் குசினிக்குள் போய் ரேடியோவைப் போட்டுவிடுவார்.

குசினிக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஒரு பழைய செங்கல் கொட்டில் இருக்கிறது. ஒரு காலத்தில் ரொட்டிப் பாண் விற்கிற வண்டிக்காரன் குதிரை கட்டிய லாயமாம். நாங்கள் அதற்குள் உடைந்த சைக்கிள், அரிசிச் சாக்கு, வருடப்பிறப்புக்கு மட்டும் வெளியே வருகிற பெரிய பானை எல்லாம் போட்டு வைத்திருந்தோம். சுவரோடு இடுப்பளவில் ஒரு இரும்புக் கம்பி ஓடும். ஏதும் எடுக்க அதற்குள் போனால் என் கை தானாகப் போய் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். “குதிரை கட்டின கம்பி” என்று இவர் விளக்கம் சொல்வார். அந்தக் கொட்டிலை இடித்துவிட்டு, அதே இடத்தில் ஒரு படுக்கையறையும் குளியலறையும் கட்டலாம் என்று மகள் றொஷானிதான் யோசனை சொன்னாள். அவள் மனோர் பார்க்கில் புருசனோடு இருக்கிறாள். இப்படியான விஷயங்களில் அவளுக்கு என் புத்தி. ஒருவரிடம் பிளான் வரைவித்தோம். கட்டட அனுமதிக்கான விண்ணப்பப் படிவத்தை இவர் நிரப்பி, நகரசபையான கவுன்சிலுக்கு அனுப்பினார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. உள்ளூர் வரலாற்றுச் சங்கம் என்று ஒன்று இருக்கிறதாம், அதன் செயலாளர் மிஸ்டர் ஹோல்ரோய்ட் என்கிற எண்பது வயதுக் கிழவர் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதிவிட்டார். எங்கள் கொட்டிலில் ஏர்னஸ்ட் டிம்ஸ் என்ற ஜொக்கி வாழ்ந்தாராம். அந்தக் காலத்தில் குதிரையில் ஏறி வேலிகளையும் அகழிகளையும் தாண்டி ஓடுகிற பந்தயங்களில் ஓடியவராம். ஆகையால் இடிக்க விடக்கூடாதாம். கவுன்சில் அதிகாரி எங்களுக்கு மரியாதையாகவே ஒரு ஈமெயில் போட்டாள்: இந்த டிம்ஸ் யார், இந்தக் கட்டடம் எவ்வளவு முக்கியம் என்று நீங்களே ஒரு அறிக்கை எழுதி அனுப்புங்கள், அதைப் பார்த்து முடிவு எடுக்கிறோம்.

“அப்பா, சிம்பிள்,” என்றாள் றொஷானி. “அந்தாள் ஒரு பெரிய ஆளில்லை எண்டு ஒரு பக்கம் எழுதுங்கோ. ஃபினிஷ்.”

“எழுதுறதைப் பற்றி எனக்கு நீ சொல்லித் தராதை,” என்றார் இவர்.

அந்த ஒரு வசனத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்த மூன்று கிழமையும் இவர் ட்ராம் ஏறி நூலகத்துக்குப் போனார். பழைய பத்திரிகைகளைக் கம்ப்யூட்டரில் தேடினார். ஹோல்ரோய்ட் கிழவரிடமே போய் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்து, ஒரு நீலக் கோப்பு நிறையக் கடதாசி வாங்கிக்கொண்டு வந்தார். பின்னேரம் வீட்டுக்குள் நுழையும்போதே செய்தி வாசிப்பார்.

“இண்டைக்குத் தெரியுமே? நாலாவது ஓட்டத்திலையும் விழுந்திட்டார்.”

“நல்லது,” என்பேன் நான்.

“பாவம் மலர். தோள்மூட்டு விலகிப் போச்சுதாம். அதோடையே அடுத்த கிழமையும் ஏறியிருக்கிறார்.”

“ஏறட்டும். பிறகு விழுந்தவரோ?”

“ஓம்.”

எனக்கு அப்படி ஒரு சந்தோசம். மனுசன் விழ விழ என்னுடைய அறை எழும்புகிறது என்று நினைத்தேன். எழுத்து வேலைக்கு நூலகம், எண்ணும் வேலைக்கு நான். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு துண்டு ஒட்டி, விழுந்ததற்கெல்லாம் கோடு போட்டேன். ஏர்னஸ்ட் டிம்ஸ் 1907 நவம்பரில் தொடங்கினார், 1909 மார்ச்சில் முடித்தார். பதினாறு மாதம். பதினாலு ஓட்டம். ஒன்பதில் விழுந்தார். மூன்றில் குதிரை வேலியைக் கண்டதும் மறுத்து நின்றுவிட்டது. ஒன்றில் கடைசியாக வந்தார்.

“அப்ப மிச்சம் ஒண்டு?” என்று கேட்டேன்.

இவர் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்தார். முகம் பூரித்துக் கிடந்தது. “வெண்டிட்டார் மலர்!”

எழும்பிய என் அறை அப்படியே சரிந்தது. “என்ன? வெண்டவரோ?”

“பிளம்டன் எண்ட இடத்திலை. கோல்டன் பட்டன் எண்டு ஒரு குதிரை. முன்னாலை போன மூண்டு குதிரையும் கடைசி வேலியிலை ஒண்டோடை ஒண்டு அடிபட்டு விழுந்திட்டுதுகள். இவர் நல்லாப் பின்னாலை மெல்ல வந்துகொண்டிருந்தபடியால் விலத்திப் போயிட்டார்.”

அப்பாடா என்று மூச்சு விட்டேன். மெதுவாக வந்ததற்காக வென்ற மனிதர். இதைவிட நல்ல சாட்சி எங்களுக்குக் கிடைக்காது. “இதை அப்பிடியே எழுதுங்கோ,” என்றேன். “ஒரு சொல்லும் மாத்தாதேங்கோ.”

“எழுதுறன், எழுதுறன்.”

கடைசி ஓட்டம் காட்விக்கில். இப்போது பிளேன் இறங்குகிற பக்கத்தில் அந்தக் காலத்தில் ஒரு பந்தயத் திடல் இருந்ததாம். தண்ணீர் அகழியில் குதிரை இடறி டிம்ஸின்மேல் விழுந்தது. இடுப்பெலும்பு முறிந்தது. வயது இருபத்தொன்று. அதோடு குதிரையேற்றம் சரி. நான் கடைசிக் கோட்டைப் போட்டேன். ஒன்பது.

அறிக்கையை இவர் தமிழில் எழுதி, பிறகு அகராதியை வைத்து இங்கிலீஷுக்கு மாற்றி, தானே அனுப்பினார். நான் வாசிக்கவில்லை. ஒன்பது கோட்டை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்ன பிழை விட்டுவிடப் போகிறார் என்று இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை றொஷானி வந்திருந்தபோது கவுன்சிலின் முடிவு ஃபோனுக்கு வந்தது. வாசித்துக்கொண்டு போனவளுடைய முகம் மாறியது.

“அம்மா, ரிஜெக்ட் பண்ணிட்டாங்கள்.”

“ஏனாம்?”

“அப்பாட ஸ்டேட்மெண்ட்டாலதான்.” அவள் தகப்பனைப் பார்த்தாள். “சீரியஸ்லி அப்பா, என்ன எழுதினீங்கள்? ‘விண்ணப்பதாரரே தமது அறிக்கையில் மிகத் தெளிவாக நிறுவியிருப்பதுபோல, இக்கட்டடம் அசாதாரணமான ஒரு விளையாட்டு வீரரோடு நெருங்கிய தொடர்புடையது’ எண்டு கிடக்கு. எங்கட வாயாலையே எங்களை மறுத்திருக்கிறாங்கள்!”

நான் கையை நீட்டினேன். இவர் மேசை லாச்சியிலிருந்து தமிழ்ப் பிரதியை எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மார்க்ஸ் றிப்போட் கொடுப்பதுபோலத் தந்தார். தலைப்பிலேயே எனக்கு விளங்கிவிட்டது: ‘அமரர் ஏர்னஸ்ட் டிம்ஸ் அவர்களின் வாழ்வும் பணியும்’.

“மிச்சம் பதியிலே சீரோடும் சிறப்போடும் வாழ்ந்த டிம்ஸ் குடும்பத்தின் கனிஷ்ட புதல்வராக அவதரித்த அன்னார், இளமை தொட்டே பரிகள்பால் பேரன்பு பூண்டு விளங்கினார். வெற்றியையும் தோல்வியையும் சமமாகப் பாவித்தவர். மண்ணோடு மிக நெருங்கிய உறவு கொண்டிருந்தவர். பிளம்டன் மாநகரிலே, போட்டியாளர் அனைவரும் வீழ்ந்துபட, தாமொருவரே நிலைத்து நின்று வாகை சூடினார். இத்துணைக் கீர்த்திமிக்க ஒருவர் வாழ்ந்த இல்லத்தில் வாழக் கிடைத்தமை எமது பூர்வ ஜென்ம புண்ணியமாகும்.”

மண்ணோடு நெருங்கிய உறவு! மனிதர் ஒன்பது தரம் அந்த மண்ணில்தான் கிடந்தார்!

“உங்களுக்கு என்ன விசரோ?” என்று கத்தினேன். “இடிக்கிறதுக்கு அனுமதி கேட்டு எழுதச் சொன்னால், கும்பாபிஷேகம் செய்யச் சொல்லி எழுதியிருக்கிறியள்! விழுந்ததெல்லாம் எங்கை? மூண்டு தரம் குதிரை மறுத்தது எங்கை?”

“உதுகளை எப்பிடி எழுதுறது?”

“எழுத்தாலை எழுதுறது!”

“மலர், செத்த மனுசன்,” என்றார். “வெள்ளைக்காரன் எண்டாலும் செத்த மனுசன். கலியாணம் இல்லை, பிள்ளை குட்டி இல்லை. அவரைப் பற்றி ஒருத்தரும் ஒரு பக்கம் எழுதேல்லை. நான்தான் முதல் ஆள். முதல் எழுதுறவன் போய் ‘உவர் ஒண்டுக்கும் உதவாதவர்’ எண்டு எழுதலாமோ? எனக்குக் கை வரேல்லை.”

றொஷானி சிரிப்பை அடக்கப் பார்த்து, என் முகத்தைக் கண்டு அடக்கியேவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டால் அதன் தலை மட்டும்தான் அழுக்காகும். இந்த யானை போட்ட மண் என் தலையில் விழுந்திருந்தது. அன்றைக்கு மூன்று தரம் மேலே ஏறி இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் ஏர்னஸ்ட் டிம்ஸையும் இவரையும் சேர்த்துத் திட்டினேன்.

இரண்டு நாள் இவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் இவர் டூட்டிங்குக்கு தன்னுடைய நூற்றுப் பதினெட்டாவது ஆளின் வரலாற்றுக்குக் குறிப்பெடுக்கப் போய்விட்டார். நான் அந்த நீலக் கோப்பைத் திறந்தேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்றில்லை. ஒவ்வொரு கடதாசியாகப் பார்த்தேன். பந்தய முடிவுகள், விழுந்தார், விழுந்தார், மறுத்தது. கடைசியில் 1938ஆம் ஆண்டு உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த ஒரு மரணச் செய்தி, தீப்பெட்டி அளவு. மூன்று தரம் வாசித்தேன்.

காட்விக்கில் விழுந்த நாளிலிருந்து திரு. டிம்ஸுக்கு ஒரு படிகூட ஏற முடியவில்லை என்றும், பாண் வியாபாரியான அண்ணன் தன் குதிரையை வேறிடத்தில் கட்டிவிட்டு லாயத்தைத் தம்பிக்குக் கொடுத்தார் என்றும், தம்பி பிடித்து நடப்பதற்காகச் சுவரைச் சுற்றி இரும்புக் கம்பி பொருத்தினார் என்றும், அங்கேயே இருபத்தொன்பது வருடம் அவர் வாழ்ந்து முடித்தார் என்றும் அதில் இருந்தது.

தடியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போனேன். கம்பியைப் பிடித்தேன். குதிரை கட்டுகிற கம்பியாம்! குதிரை கட்ட ஏன் கம்பி வாசலில் தொடங்கி, மூலையில் வளைந்து, ஜன்னலடி வரைக்கும் போக வேண்டும்? அது ஒரு மனிதனுடைய கை உயரத்தில் இருந்தது. நடுவில் துரு இல்லை. தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. அரிசிச் சாக்கைத் தள்ளிவிட்டு, தடியை வாசலிலேயே வைத்துவிட்டு, வாசலிலிருந்து ஜன்னலடி மட்டும் அதைப் பிடித்தபடி நடந்தேன். அந்த இடத்தில் நின்று அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. ஒன்பது கோடும் போட்டபோது சந்தோசப்பட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அழுது முடிந்ததும் எனக்கு வந்தது கோபம்தான், அதுவும் முந்தினதைவிட இரண்டு மடங்கு.

இவர் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே அந்தக் கடதாசியை நீட்டினேன்.

“இதை நீங்கள் வாசிச்சனீங்களோ இல்லையோ?”

பார்த்தார். “ஓம்.”

“இது ஏன் அறிக்கையிலை இல்லை?”

“இருக்கு. ‘பிற்காலத்தில் குடும்பத்தாரோடு அமைதியான வாழ்வு வாழ்ந்து’ எண்டு…”

“மனுசன் இருபத்தொன்பது வருசம் ஒரு படி ஏறேல்லை! குதிரைக் கொட்டிலுக்குள்ளை கிடந்தவர்! அது அமைதியான வாழ்வோ?”

“நொண்டி எண்டு எழுதச் சொல்லுறீரோ?”

“ஓம்! அப்பிடி எழுதியிருந்தால் அந்தக் கவுன்சில் பிள்ளைக்கு விளங்கியிருக்கும். படி ஏற ஏலாத ஒருத்தருக்காக அறையான கொட்டில் அது. திரும்பவும் அப்பிடி ஒரு ஆளுக்குத்தான் கேக்கிறம் எண்டு…” சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்தினேன். ஒரு யோசனை குறுக்கே வந்தது. “பொறுங்கோ. முதல் விண்ணப்பத்திலை என்னைப் பற்றி என்ன எழுதினீங்கள்?”

அவர் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.

“படிவத்தை எடுங்கோ.”

எடுத்தார். கட்டட வேலைக்கான காரணம் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்குள் இவருடைய வடிவான கையெழுத்தில் மூன்றே சொல் இருந்தது: குடும்ப வசதியை மேம்படுத்துதல். இங்கிலீஷில்தான், ஆனாலும் எனக்கு நினைவுமலரில் வாசித்தது மாதிரியே இருந்தது. முழங்கால் இல்லை. ஒப்பரேஷன் இல்லை. பதின்மூன்று படி இல்லை. நானே இல்லை. மறுப்புக் கடிதத்திலும் அந்தப் பிள்ளை அதைத்தான் எழுதியிருந்தாள்: குடும்ப வசதி மட்டும் இடிப்பதற்குப் போதுமான காரணம் ஆகாது. வேறு தேவை இருந்தால் காட்டி, சுவரை இடிக்காமல் மாற்றிக் கட்டுவதற்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றும் கீழே ஒரு வரி இருந்தது; அந்த வரியை எங்கள் சண்டையில் ஒருவரும் கவனிக்கவில்லை.

“உம்மை இயலாதவள் எண்டு எப்பிடி எழுதுறது மலர்?” என்றார். “முன்பின் தெரியாத ஆக்கள் வாசிக்கிற கடதாசியிலை?”

“இஞ்சாருங்கோ,” என்றேன். “நான் இன்னும் சாகேல்லை.”

அவர் தலை குனிந்தார். நான் விடவில்லை. படியடிக்குப் போனேன். “வாங்கோ இஞ்சை.”

“அடுப்பிலை கேத்தில்…”

“கிடக்கட்டும். ரேடியோவும் வேண்டாம். இஞ்சை வந்து நில்லுங்கோ. மணிக்கூட்டைப் பாருங்கோ, படியை எண்ணுங்கோ.”

முதற்படியில் உட்கார்ந்தேன். கைகளை ஊன்றி எழும்பினேன். காலை இழுத்தேன். ஒன்று. இரண்டு வருடமாக ஒரு நாளும் இந்த மனிதர் இதை முழுதாகப் பார்த்ததில்லை. நான்காம் படியில் எப்போதும் போலச் சீலை சிக்கியது, இழுத்துவிட்டேன். அவர் ஓடி வரப் பார்த்தார். “அங்கையே நில்லுங்கோ,” என்றேன். ஏழாம் படியில் வழக்கம் போல ஆறுவதற்கு இருந்தேன். நான் அவரைப் பார்த்தபடிதான் ஏறுகிறேன், புறம்காட்டி ஏறுவதில் அந்த ஒரு வசதி உண்டு. அறுபத்தெட்டு வயது மனிதர், மணிக்கூட்டைப் பிடித்தபடி, வாய்க்குள் எண்ணிக்கொண்டு நின்றார். ஒன்பதாம் படியில் அவருக்கு எண்ண முடியவில்லை. கீழ்ப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“காணும் மலர், போதும். எழுதுறன். இறங்கும்.”

“இன்னும் நாலு கிடக்கு.”

“காணும் எண்டு சொல்லுறன்.”

“எனக்குக் காணாது. நான் மேலை போகத்தான் வேணும், நீங்கள் பாக்கிறதுக்காக மட்டும் ஏறேல்லை.”

மீதி நான்கையும் அவர் எண்ணினார், சத்தமாக.

அடுத்த நாள் காலை எழுத உட்கார்ந்தார். சாண் ஏற முழம் சறுக்குகிற கதைதான். முதலாவது பிரதி, ‘அண்மைக்காலமாகச் சிறிது சுகவீனமுற்றிருக்கும் எனது அன்பு மனைவியார்’ என்று தொடங்கியது. கிழித்தேன். இரண்டாவதில் நான் ‘பொறுமையின் இருப்பிடம்’ ஆகியிருந்தேன். இவரோடு நாற்பது வருடம் இருந்தும் நான் எப்போதாவது பொறுமையாக இருந்திருக்கிறேனா? அதையும் கிழித்தேன். மூன்றாவதில் டிம்ஸின் புகழ் ஒரு பக்கத்துக்கு ஓடியது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ஒரு சின்னத் துண்டை என் பக்கம் தள்ளினார்.

“என் மனைவிக்குப் படி ஏற ஏலாது. குளியலறைக்குப் பதின்மூன்று படி. இருந்தபடி, பின்பக்கமாக ஏறுகிறாள். பதினொரு நிமிடம் எடுக்கிறது. இந்தக் கொட்டிலில் இருபத்தொன்பது வருடம் இருந்த ஏர்னஸ்ட் டிம்ஸுக்கும் படி ஏற ஏலாது. பதினாலு ஓட்டத்தில் ஒன்பது தரம் விழுந்தவர். அவருக்காகப் போட்ட கம்பி இன்னும் இருக்கிறது. அதை என் மனைவி பிடிக்கிறாள். சுவரை இடிக்க மாட்டோம்.”

“இது எழுத்தே இல்லை,” என்றார். “பலசரக்குத் துண்டு மாதிரிக் கிடக்கு.”

“அனுப்புங்கோ,” என்றேன்.

றொஷானி அதை இங்கிலீஷில் போட்டு, டொக்டரின் கடிதத்தோடு அனுப்பினாள். அந்தத் துண்டை வாசித்துவிட்டு அவள் ஃபோன் எடுத்து, “அம்மா, பதினொரு நிமிஷமா?” என்று மட்டும் கேட்டாள். பெற்ற மகளுக்கும் நாங்கள் இதுவரை ‘காலிலை கொஞ்சம் நோவு’ என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். ஆகவே இந்த வியாதி இவருக்கு மட்டும் உரியது என்றும் சொல்ல முடியாது. ஹோல்ரோய்ட் கிழவரும் ஆதரவுக் கடிதம் எழுதினாராம். எட்டாவது கிழமை அனுமதி வந்தது.

இப்போது கொட்டிலுக்குள் என் கட்டில் இருக்கிறது. மூலையில் ஷவர், கழிவறை. கம்பியைத் துரு தட்டி அதே இடத்தில் விட்டிருக்கிறார்கள். கட்டிலிலிருந்து கழிவறை மட்டும் சரியாகப் போய்ச் சேர்கிறது. காலையில் அதைப் பிடித்து எழும்பும்போது டிம்ஸுக்கு ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் நடக்கிறேன். திட்டுகிற சொல் இல்லை. பின்னேரத்திலும் தேத்தண்ணீர் குடிக்கிறேன், இரண்டு கோப்பை.

போன கிழமை இவர் வாசலில் வந்து நின்றார். கையில் கொப்பியும் பேனாவும். முகத்தில் அந்தப் பழைய பூரிப்பு.

“என்ன, இந்தக் கம்பியைப் பற்றி ஒரு வெண்பா எழுதப் போறியளோ?”

“இல்லை,” என்றார். “யோசிச்சுப் பாத்தன். ஆருக்கு முந்தி வருமோ தெரியாது. உமக்கு முந்தி வந்தால் நான்தானே எழுத வேணும். அப்ப பிழை விட்டால் நீர் திருத்தவும் மாட்டீர். இப்பவே கேட்டு வைக்கிறது நல்லது. உம்மைப் பற்றி என்ன எழுத?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. உயிரோடு இருக்கிறவளிடம் வந்து கேட்கிற கேள்வியா இது? பிறகு பார்த்தேன்: பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதக் காத்துக்கொண்டு நின்றார். நூற்றுப் பதினெட்டுப் பேரில் ஒருவரிடமும் அவர் அப்படிக் கேட்டதில்லை.

“பதின்மூண்டு படி எண்டு எழுதுங்கோ,” என்றேன்.

எழுதினார். ஒரு சொல்லும் கூட்டவில்லை.